மூன்று ‘முதலிய’வுக்குள் ஒரு குடும்பம்: ஆரஞ்சு–நாசாவ் வம்சமும் அதன் பட்டங்களும்

நெதர்லாந்தில் ஒரு புதிய சட்டம் வெளிவரும்போது அதன் தொடக்கம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: “நாம், வில்லெம்-அலெக்சாண்டர், இறையருளால் நெதர்லாந்தின் மன்னர், ஆரஞ்சு–நாசாவ் இளவரசர், முதலிய, முதலிய, முதலிய.” வருமான வரியைப் பற்றிய சட்டமானாலும் சரி, வாய்க்கால் கரைகளைப் பற்றிய சட்டமானாலும் சரி, அந்த மூன்று ‘முதலிய’ விடுபடுவதே இல்லை. டச்சு மொழியில் அவற்றை ‘என்ஸ். என்ஸ். என்ஸ்.’ என்று சுருக்கி அச்சிடுகிறார்கள். படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். எனக்கோ அந்த இடத்திலேயே நின்றுவிடத் தோன்றுகிறது. ஐந்நூறு ஆண்டுகளின் கல்யாணங்கள், உயில்கள், அகால மரணங்கள், பங்காளிச் சண்டைகள் எல்லாம் அந்த மூன்று சொற்களுக்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

மடிப்பைப் பிரித்தால் ஊர்ப் பெயர்கள் கொட்டும், ஒவ்வொன்றோடும் ஓர் ஐரோப்பியப் பிரபுத்துவப் பட்டம். வேரே, ஃபிளிசிங்கன் ஆகியவற்றின் மார்க்விஸ். காட்சனெல்ன்போகன், வியாண்டன், டீட்ஸ், பூரன், லேர்டாம் ஆகியவற்றின் கவுன்ட். ஆன்ட்வெர்ப்பின் வைகவுன்ட். பிரேடாவுக்கும் டீஸ்ட்டுக்கும் பாரன். ஆமெலாண்ட் தீவின் பரம்பரைப் பிரபு. இன்னும் நீளும். இந்த ஊர்களில் சில இன்று நெதர்லாந்தில் இருக்கின்றன. சில பெல்ஜியத்தில், சில ஜெர்மனியில், ஒன்று லக்சம்பர்க்கில். எல்லாவற்றுக்கும் மேலாக நிற்கும் ‘ஆரஞ்சு’ என்ற ஊரோ பிரான்சின் தெற்கே, அவிஞ்ஞோன் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊரில் இந்தக் குடும்பத்துக்கு ஆட்சி இல்லாமல் போய் முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

அரச குடும்பங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஏணியை வரைந்துவிடுகிறார்கள்: தந்தை, அவர் மகன், அவர் மகன். இந்தக் குடும்பத்துக்கு அந்த ஏணி பொருந்தாது. இதன் முதன்மையான பெயர் ஒவ்வொரு முக்கியமான கட்டத்திலும் ஒரு மகள் வழியாகவோ, ஒரு சகோதரி வழியாகவோ, சாகும் தறுவாயில் இருந்த ஓர் இளைஞனின் உயில் வழியாகவோதான் கை மாறியிருக்கிறது. அதைக் கவனிக்காமல் படித்தால் இந்த வம்சமே புரியாது.

லான் ஆற்றங்கரை

நாசாவ் என்பது ஜெர்மனியில் லான் ஆற்றின் கரையில் உள்ள சிறிய ஊர். அங்கே குன்றின் மேல் கோட்டை கட்டி வாழ்ந்த லாரன்பர்க் கவுன்ட்கள் 12ஆம் நூற்றாண்டில் அந்தக் கோட்டையின் பெயரையே தங்கள் குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். 1255இல் வால்ராம், ஓட்டோ என்ற இரண்டு சகோதரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். ஆறே எல்லை. தென்கரை வால்ராமுக்கு, வடகரை ஓட்டோவுக்கு. அன்று பிரிந்த இரண்டு கிளைகளும் பிறகு ஒன்றாகவே இல்லை. வால்ராமின் மகன் அடால்ஃப் 1292இல் ஜெர்மனியின் மன்னராகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆறே ஆண்டில் போர்க்களத்தில் மாண்டார். ஓட்டோவின் கிளை அப்படியொன்றும் புகழ் பெறவில்லை. டில்லன்பர்க், சீகன் ஆகிய ஊர்களை வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தது. நெதர்லாந்து அரச குடும்பம் வந்தது இந்த இரண்டாவது கிளையிலிருந்து. இந்தப் பாகப்பிரிவினையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 635 ஆண்டுகள் கழித்து அது மறுபடி தலைகாட்டும்.

ஓட்டோவின் கிளையை டச்சு மண்ணுக்குக் கொண்டுவந்தவர் ஒரு சிறுமி. 1403இல் எங்கெல்பர்ட் என்ற நாசாவ் கவுன்ட், யோஹன்னா வான் போலானென் என்பவரை மணந்தார். யோஹன்னாவுக்கு அப்போது வயது 11. பிரேடா நகரமும் அதைச் சுற்றியிருந்த நிலங்களும் அவருடைய சொத்து. எங்கெல்பர்ட் பிரேடாவின் பிரபு ஆனது அந்தக் கல்யாணத்தால்தான். பிரேடா கையில் வந்த பிறகு நாசாவ் குடும்பம் பர்கண்டி டியூக்குகளின் அவையில் முன்வரிசைக்கு வந்தது. அவர்களுக்குப் பின் வந்த ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் அவையிலும் அதே இடம் கிடைத்தது.

பழமா, ஊரா?

ஆரஞ்சு என்றவுடன் நமக்குப் பழம்தான் நினைவுக்கு வரும். ஊருக்கும் பழத்துக்கும் தொடக்கத்தில் எந்த உறவும் இல்லை. ஊரின் பழைய பெயர் அரவுசியோ. அந்தப் பகுதியின் கெல்ட் மக்கள் வழிபட்ட ஒரு நீர்த்தெய்வத்தின் பெயர் அது. ரோமானியர் அங்கே கட்டிய அரங்கத்தின் பெருஞ்சுவர் இன்றும் நிற்கிறது. பழத்தின் பெயரோ கிழக்கிலிருந்து போனது. சமஸ்கிருத ‘நாரங்க’, பாரசீகம், அரபு என்று பயணம் செய்து ஐரோப்பாவுக்குள் நுழைந்த சொல் அது. நம் ‘நாரத்தை’யோடு தொடர்புடைய திராவிட வேர் ஒன்றிலிருந்து அது கிளைத்திருக்கலாம் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். இரண்டு சொற்களும் காலப்போக்கில் பிரெஞ்சு மொழியில் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தன. ஊர்ப் பெயர் பட்டமானது, பட்டம் நிறமானது, அந்த நிறத்தைத்தான் இன்று டச்சுக் கால்பந்து ரசிகர்கள் அணிந்துகொண்டு வீதியில் இறங்குகிறார்கள்.

ஆரஞ்சு மிகச் சிறிய நாடு. சுற்றிலும் போப்பாண்டவரின் நிலம். ஆனால் அது யாருக்கும் கட்டுப்பட்ட ஜமீன் இல்லை. புனித ரோமப் பேரரசின் கீழ் தனி ஆட்சியுரிமை பெற்ற சிற்றரசு. அதனால் ‘ஆரஞ்சு இளவரசர்’ என்ற பட்டத்தில் வரும் ‘இளவரசர்’ என்பதை அரசனின் மகன் என்று படிக்கக் கூடாது. தன் மண்ணுக்குத் தானே அதிபதி என்று படிக்க வேண்டும். மற்ற பட்டங்கள் எல்லாம் நிலத்தின் அளவைச் சொன்னவை. இந்த ஒன்றுதான் மன்னர்களுக்குச் சமமாக உட்காரும் உரிமையைச் சொன்னது.

இந்தச் சிற்றரசு கை மாறிய விதத்தைப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டில் திபூர்ஜ் என்ற பெண் வழியாக அது போ குடும்பத்துக்குப் போனது. 1393இல் அந்தக் குடும்பத்தின் கடைசி வாரிசான மரி வழியாக ஷலோன் குடும்பத்துக்கு வந்தது. ஷலோன் குடும்பத்தின் கடைசி ஆண் பிலிபெர் 1530இல் ஃபுளோரன்ஸ் முற்றுகையின்போது, மணமாகாமலே இறந்தார். அவருடைய சகோதரி குளோட் 1515இல் பிரேடாவின் பிரபு மூன்றாம் ஹென்றியை மணந்திருந்தார். அவர்களின் மகன் ரெனே, தாய்மாமனின் வாரிசானார். நிபந்தனை ஒன்று இருந்தது: தந்தையின் பெயரை விட்டுவிட்டு ஷலோன் பெயரையும் சின்னத்தையும் ஏற்க வேண்டும். ரெனே நாசாவ் இவ்வாறு ரெனே ஷலோன் ஆனார். ‘ஷலோனை நான் காப்பேன்’ என்ற குடும்ப வாசகமும் அவருக்கு வந்தது.

காக்கும் காலம் அவருக்கு வாய்க்கவில்லை. 1544 ஜூலையில் சென்-திசியே முற்றுகையில் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். வயது 25. பிரான்சின் பார்-லெ-டுக் ஊர்த் தேவாலயம் ஒன்றில் அவருக்காக எழுப்பிய நினைவுச் சிலை இருக்கிறது. சிற்பி லிஜியே ரிஷியே. சிலையில் இருப்பது கவசம் அணிந்த வீரன் அல்லன். தோல் கிழிந்து, விலா எலும்புகள் வெளியே தெரிய, அழுகிப்போன ஓர் உடல் நிமிர்ந்து நிற்கிறது; இடக்கையை உயர்த்தித் தன் இதயத்தை வானை நோக்கிப் பிடித்திருக்கிறது. வாரிசு இல்லாமல் செத்த ஓர் இளைஞனின் சிலை இது. அவருக்குச் சட்டப்படி பிறந்த ஒரே மகள் குழந்தையாகவே இறந்துவிட்டாள்.

போருக்குப் போகும் முன் ரெனே உயில் எழுதி வைத்திருந்தார். தன் சொத்து, பட்டம் எல்லாம் தந்தைவழிச் சிற்றப்பாவின் மகனுக்குப் போக வேண்டும் என்பது உயில். அந்தச் சிறுவன் டில்லன்பர்க்கில் லூதரன் (புராட்டஸ்டன்ட்) பெற்றோரிடம் வளர்ந்துகொண்டிருந்த வில்லெம், வயது 11. அவனுடைய தந்தை உயிரோடு இருந்தும் அவரைத் தாண்டி மகனுக்கே எழுதினார். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் உயிலை ஏற்றார், ஆனால் பையன் பெற்றோரை விட்டு வந்து கத்தோலிக்கனாக வளர வேண்டும் என்றார். பெற்றோர் சம்மதித்தார்கள்.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். ரெனேவின் உடலில் ஷலோன் இரத்தம் தாய்வழியில் ஓடியது. வில்லெமின் உடலில் அது ஒரு துளியும் இல்லை. அவர் ரெனேவுக்குத் தந்தைவழிப் பங்காளி. ஆரஞ்சு ஆண்ட எந்தக் குடும்பத்திலிருந்தும் அவருக்கு அந்தப் பட்டம் வரவில்லை. ஒரு தாளில் எழுதிய விருப்பத்தின் வழியாகத்தான் வந்தது. இன்றைய டச்சு அரச குடும்பத்தின் முதன்மைப் பெயர் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

பட்டம் ஆயுதமானது

டச்சு மக்கள் தேசத்தந்தை என்று போற்றும் வில்லெம் இவர்தான். வரலாற்றில் ‘மௌன வில்லெம்’. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு எதிராக அவர் எழுந்தபோது, பிலிப்பின் பார்வையில் அவர் அரசனின் உப்பைத் தின்று வளர்ந்த ஒரு கவுன்ட், துரோகி. ஆனால் ஆரஞ்சின் அதிபதி என்ற முறையில் அவரும் ஓர் ஆட்சியாளர். போர் அறிவிக்கும் உரிமை ஆட்சியாளருக்கு உண்டு. கடலில் ஸ்பானியக் கப்பல்களைத் தாக்க அனுமதிக் கடிதங்களை அவர் அந்த உரிமையில்தான் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தக் கடிதங்களை வைத்திருந்த ‘கடல் பிச்சைக்காரர்கள்’ 1572 ஏப்ரல் 1 அன்று பிரில் துறைமுகத்தைப் பிடித்தார்கள். எழுச்சிக்குக் காலூன்ற இடம் கிடைத்தது. கண்ணால்கூட அவர் அதிகம் பார்த்திராத ஒரு தென்பிரெஞ்சு ஊரின் பெயர், வடகடல் கரையில் ஒரு நாட்டைப் பிறப்பிக்க உதவியது.

1580இல் பிலிப் அவர் தலைக்கு 25,000 கிரௌன் விலை வைத்தார். 1584 ஜூலை 10 அன்று டெல்ஃப்ட் நகரில், முன்பு கன்னியர் மடமாக இருந்த பிரின்சன்ஹோஃப் மாளிகையில், உணவு முடித்து எழுந்து வந்தவரை பால்தசார் ஜெரார் என்பவன் மாடிப்படி அருகே சுட்டுக் கொன்றான். குண்டு பாய்ந்த துளைகளைச் சுவரில் இன்றும் காட்டுகிறார்கள். முன்னோர் உறங்கும் பிரேடாவில் அவரைப் புதைக்க முடியவில்லை, அது அப்போது ஸ்பெயினின் கையில் இருந்தது. டெல்ஃப்டின் புதிய தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அந்த ஒரு தற்செயலால் டெல்ஃப்ட் இந்தக் குடும்பத்தின் கல்லறை ஊரானது. மன்னர்களும் அரசிகளும் இன்றுவரை அங்கேதான் போய்ச் சேர்கிறார்கள். ஈழத்து வாசகருக்கு அந்தப் பெயர் புதிதாக இராது. யாழ்ப்பாணத் தீவுகளுக்கு டச்சுக்காரர் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தபோது காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆனது, வேலணை லெய்டன் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. மற்றப் பெயர்கள் மறைந்துவிட்டன. நெடுந்தீவை ஆங்கிலத்தில் இன்றும் டெல்ஃப்ட் என்றுதான் எழுதுகிறார்கள்.

வில்லெமுக்கு நான்கு மனைவியர். மூத்தாள் மகன் பிலிப் வில்லெமை 13 வயதில் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்பானியர் பிடித்துச் சென்று ஸ்பெயினில் வளர்த்தார்கள். ஆரஞ்சு இளவரசர் பட்டம் சட்டப்படி அவருக்கே உரியது. டச்சுக் குடியரசின் படைகளை நடத்தியதோ இரண்டாம் மனைவியின் மகன் மாரிட்ஸ். மொரீஷியஸ் தீவுக்கு 1598இல் டச்சு மாலுமிகள் இட்ட பெயர் இவருடையது. அண்ணன் 1618இல் பிள்ளையின்றி இறந்த பிறகுதான் மாரிட்ஸ் தன் பெயரோடு ஆரஞ்சைச் சேர்த்துக்கொண்டார். அவரும் மணம் செய்துகொள்ளவில்லை. 1625இல் பட்டம் நான்காம் மனைவியின் மகன் ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக்குக்கு இறங்கியது.

இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள், அதனால் பட்டத்தையும் பதவியையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஆரஞ்சு இளவரசர் என்பது பரம்பரைப் பட்டம். ஸ்டாட்ஹவுடர் என்பது பதவி. அந்தச் சொல்லின் பொருள் ‘இடத்தில் இருப்பவர்’, அதாவது மன்னருக்குப் பதிலாக மாகாணத்தைப் பார்த்துக்கொள்பவர். மன்னரைத் தூக்கியெறிந்த பிறகும் டச்சுக்காரர் அந்தப் பதவியை வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மாகாணமும் தனக்கு வேண்டியவரை நியமித்தது. ஹாலந்தும் ஜீலாந்தும் மௌன வில்லெமின் பிள்ளைகளை நியமித்தன. ஃபிரீஸ்லாந்து அவருடைய தம்பி யானின் பிள்ளைகளை நியமித்தது. வேண்டாம் என்றால் பதவியைக் காலியாகவும் விட்டார்கள். 1650இல் ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக்கின் மகன் இரண்டாம் வில்லெம் அம்மை கண்டு 24 வயதில் இறந்து, எட்டு நாள் கழித்து அவர் மகன் பிறந்தபோது ஹாலந்து அதைத்தான் செய்தது. தொட்டிலில் இருந்த குழந்தை ஆரஞ்சு இளவரசராக இருந்தது, ஸ்டாட்ஹவுடராக இல்லை. பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் புகுந்த 1672இல்தான் அந்த இளைஞனை அழைத்துப் பதவி கொடுத்தார்கள். 1689இல் மனைவி மேரியோடு இங்கிலாந்தின் அரியணையிலும் அமர்ந்த மூன்றாம் வில்லெம் அவர்தான்.

ஓர் உயிலுக்கு எதிராக இன்னோர் உயில்

1702 மார்ச்சில் மூன்றாம் வில்லெம் பிள்ளையின்றி இறந்தார். மௌன வில்லெமின் முறைப்படியான ஆண்வழி அத்தோடு முடிந்தது. ஆரஞ்சு யாருக்கு?

மூன்றாம் வில்லெமின் உயில் ஃபிரீஸ்லாந்து கிளையின் யோஹன் வில்லெம் ஃபிரிசோவைச் சுட்டியது. அவர் மௌன வில்லெமின் தம்பி யானின் ஆண்வழி. கூடவே ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக்கின் மகள் ஆல்பர்டினா ஆக்னெஸின் பேரனும்கூட. ஆனால் பாட்டனார் ஃபிரெடெரிக் ஹென்ட்ரிக் எழுதிய பழைய உயில் வேறு விதமாகச் சொன்னது: ஆண்வழி அற்றுப்போனால் மூத்த மகளின் வழிக்குப் போக வேண்டும். மூத்த மகள் லூயிஸ் ஹென்றியட்டா பிராண்டன்பர்க்குக்கு வாழ்க்கைப்பட்டவர். பெர்லினுக்கு அருகே உள்ள ஒரானியன்பர்க் நகரம் அவர் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய மகன் அப்போது பிரஷ்யாவின் மன்னர் முதலாம் ஃபிரெடெரிக். அவர் விடுவாரா? இரண்டு தரப்பும் பெண்வழிச் சந்ததி, இரண்டு தரப்பிலும் செல்லத்தக்க உயில். இதற்கிடையே பிரான்சின் பதினான்காம் லூயி ஊரையே எடுத்துக்கொண்டார்.

ஒன்பது ஆண்டுகள் வழக்கு இழுத்தது. 1711 ஜூலை 14 அன்று, பிரஷ்ய மன்னரைச் சந்தித்துச் சமரசம் பேச ஃபிரிசோ தி ஹேக் நகருக்குப் புறப்பட்டார். மூர்டைக் அருகே ஹாலண்ட்ஸ் டீப் என்ற அகன்ற நீர்ப்பரப்பைப் படகில் கடக்கும்போது திடீரென்று காற்று வீசிப் படகு கவிழ்ந்தது. அவர் மூழ்கிப்போனார், வயது 23. எட்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. அவர் மனைவி ஹெசன்-காசலின் மாரியா லூயிசா அப்போது கர்ப்பிணி. 49ஆம் நாள், செப்டம்பர் 1 அன்று, மகன் பிறந்தான். அறுபத்தொரு ஆண்டுகளில் இரண்டாவது தடவையாக, தந்தை முகம் காணாத குழந்தையின் மேல் ஆரஞ்சு என்ற பெயர் வந்து உட்கார்ந்தது. 23 வயதில் விதவையான மாரியா லூயிசா அந்தக் குழந்தைக்காக ஃபிரீஸ்லாந்தை ஆண்டார். பின்னாளில் முதுமையில் பேரனுக்காகவும் ஆண்டார். மக்கள் அவரை ‘மாரைக்கெ அத்தை’ என்று உறவுமுறை சொல்லி அழைத்தார்கள். இந்தக் குடும்ப வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் இவர்தான். அவர் அன்று தளர்ந்திருந்தால் இன்று அந்தப் பெயரைச் சொல்ல ஆளே இருந்திருக்க மாட்டார்கள்.

1713இல் யூட்ரெக்ட் உடன்படிக்கையில் ஆரஞ்சு மண் பிரான்சுக்குப் போனது. 1732இல் பிரஷ்யாவும் ஃபிரிசோவின் மகன் நான்காம் வில்லெமும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: சொத்துகளைப் பங்கிட்டுக்கொள்வது, பட்டத்தை இருவருமே வைத்துக்கொள்வது. மண் யாருக்கும் இல்லை என்றான பிறகு பெயர் இருவருக்கும் ஆனது. பிரஷ்ய மன்னர்களின் பட்ட வரிசையிலும் ‘ஆரஞ்சு இளவரசர்’ தொடர்ந்து இருந்தது.

ஒரு கடிதம், சில கோட்டைகள்

1747இல் இன்னொரு பிரெஞ்சுப் படையெடுப்பின் பயத்தில் ஏழு மாகாணங்களும் நான்காம் வில்லெமை ஸ்டாட்ஹவுடர் ஆக்கின, பதவியும் பரம்பரையாயிற்று. ஆண் வாரிசு இல்லாவிட்டால் பெண்ணுக்கும் போகலாம் என்று வகுத்தார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை இயக்குநர் பொறுப்பும் சேர்ந்துகொண்டது. அவர் மகன் ஐந்தாம் வில்லெம் 1795 ஜனவரி 18 அன்று, பிரெஞ்சுப் படை நெருங்கியபோது, ஸ்கேவனிங்கன் கடற்கரையிலிருந்து மீன்பிடிப் படகில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார்.

அங்கே கியூ என்ற இடத்தில் தங்கியிருந்தபோது அவர் எழுதிய கடிதங்கள் நம் வரலாற்றையும் தொட்டன. டச்சுக் குடியேற்றங்களின் ஆளுநர்கள் தங்கள் கோட்டைகளில் பிரிட்டிஷ் படைகளை நண்பர்களாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா? தாய்நாட்டில் புதிய குடியரசு அமைந்துவிட்டது. அவரோ நாட்டை விட்டுப் போனவர். பட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. இலங்கையில் டச்சு அதிகாரிகள் அந்தக் கடிதத்தை எப்படிப் படிப்பது என்று திணறினார்கள். திருகோணமலை எதிர்த்து நின்று 1795 ஆகஸ்டில் விழுந்தது. யாழ்ப்பாணக் கோட்டை செப்டம்பரில், கொழும்பு 1796 பிப்ரவரியில். ஒன்றரை நூற்றாண்டு டச்சு ஆட்சி இலங்கையில் முடிந்ததில் பிரிட்டிஷ் பீரங்கிகளோடு இந்தப் பட்டத்துக்கும் பங்கு உண்டு.

1813 நவம்பர் 30 அன்று ஐந்தாம் வில்லெமின் மகன் அதே ஸ்கேவனிங்கன் கரையில் வந்து இறங்கினார். ஆரஞ்சு இளவரசர்களில் அவர் ஆறாம் வில்லெம். 1815 மார்ச்சில் தம்மை நெதர்லாந்தின் மன்னராக அறிவித்தபோது எண்ணிக்கை புதிதாகத் தொடங்கியது: முதலாம் வில்லெம். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்றாம் வில்லெம்கள் வருவதற்கு இதுதான் காரணம்; ஒருவர் இங்கிலாந்தை ஆண்ட ஸ்டாட்ஹவுடர், மற்றவர் 1849 முதல் 1890 வரை ஆண்ட மன்னர். மன்னரானதும் ஆரஞ்சு இளவரசர் என்ற பட்டம் வாரிசான மூத்த மகனுக்கு உரியதாயிற்று. ஜெர்மனியில் இருந்த பழைய நாசாவ் நிலங்களை, டில்லன்பர்க் உட்பட, கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக லக்சம்பர்க்கைப் பெற்றார்கள். வம்சம் தொடங்கிய மண்ணும் இவ்வாறு கையை விட்டுப் போனது.

ஆறு மறுபடி குறுக்கே வந்தது

மன்னர் மூன்றாம் வில்லெமின் மகன்கள் அவருக்கு முன்பே இறந்தார்கள். கடைசி மகன் போனது 1884இல். எஞ்சியவர் இரண்டாம் மனைவி எம்மாவின் மகள் வில்ஹெல்மினா. 1890 நவம்பரில் மன்னர் கண்மூடியபோது அவளுக்குப் பத்து வயது. நெதர்லாந்துச் சட்டம் மகளை ஏற்றது. எம்மா பொறுப்பாட்சி செய்தார். லக்சம்பர்க்கிலோ 1783இல் நாசாவ் கிளைகள் தங்களுக்குள் செய்துகொண்ட குடும்ப ஒப்பந்தம் செல்லுபடியானது: எந்தக் கிளையிலாவது ஆண் இருக்கும்வரை பெண்ணுக்கு இல்லை. ஓட்டோவின் கிளையில் ஆண் இல்லை. 1255இல் ஆற்றின் தென்கரையை எடுத்துக்கொண்ட வால்ராமின் கிளையில் ஒருவர் இருந்தார்: அடால்ஃப், வயது 73. 1866இல் பிரஷ்யாவிடம் தன் நாட்டை இழந்து உட்கார்ந்திருந்தவர். லக்சம்பர்க் அவருக்குப் போனது. ஒரே நாளில், ஒரே மரணத்தால், இரண்டு அரியணைகள் இரண்டு கிளைகளுக்குப் பிரிந்தன. 1912இல் அங்கேயும் ஆண்கள் தீர்ந்து ஒரு பெண்தான் அரியணை ஏறினார்.

வில்ஹெல்மினா மெக்லன்பர்க் டியூக் ஒருவரை மணந்தார். அவர் மகள் யூலியானா லிப்பே-பீஸ்டர்ஃபெல்டின் பெர்ன்ஹார்டை மணந்தார். யூலியானாவின் மகள் பெயாட்ரிக்ஸ் 1966இல் கிளவுஸ் வான் ஆம்ஸ்பெர்க்கை மணந்தார். தந்தைவழிக் கணக்கில் பார்த்தால் யூலியானா மெக்லன்பர்க், பெயாட்ரிக்ஸ் லிப்பே, வில்லெம்-அலெக்சாண்டர் ஆம்ஸ்பெர்க். அந்தக் கணக்கை நெதர்லாந்து ஏற்கவில்லை. மூன்று தலைமுறை அரசிகளின் பிள்ளைகளும் தாயின் பெயரையே குடும்பப் பெயராகக் கொண்டார்கள். 1983இல் அரசியலமைப்பே மாறியது: ஆணோ பெண்ணோ, மூத்த குழந்தைக்கே முடி. அதனால்தான் 2003இல் பிறந்த அமாலியா, தந்தை 2013இல் மன்னரானதும் ‘ஆரஞ்சு இளவரசி’ ஆனார். வாரிசு என்ற தன் உரிமையால் அந்தப் பட்டத்தைத் தாங்கும் முதல் டச்சு அரச மகள் அவர்.

ஆனால் சட்டம் இங்கே ஒரே மனத்தோடு இல்லை. அமாலியாவின் சிற்றப்பா கான்ஸ்டன்டைனின் பிள்ளைகளுக்கு ‘ஆரஞ்சு–நாசாவ் கவுன்ட்’ என்ற பரம்பரைப் பட்டம் தந்திருக்கிறார்கள். அது பிரபுத்துவப் பட்டம். அதற்கு 1994ஆம் ஆண்டின் பிரபுத்துவச் சட்டம் பொருந்தும். அதன்படி பட்டம் தந்தை வழியாக மட்டுமே இறங்கும். மகன் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மகள்கள் தாங்கலாம், கொடுக்க முடியாது. முடியை மகளுக்குக் கொடுக்கத் துணிந்த நாடு, கவுன்ட் பட்டத்தை மகளோடு நிறுத்திவிடுகிறது. ஐந்நூறு ஆண்டுகள் பெண்கள் சுமந்து வந்த பெயரில் இப்படி ஒரு விதி இருப்பது எனக்கு உறுத்துகிறது. நியாயமில்லை என்றே சொல்வேன்.

இனி அந்த மூன்று ‘முதலிய’வுக்குத் திரும்பலாம். அவற்றில் எல்லாம் ஒரே வகை அல்ல. வேரே, ஃபிளிசிங்கன் மார்க்விஸ் பட்டம் 1581இல் மௌன வில்லெம் கடனில் மூழ்கிய சொத்தை விலைக்கு வாங்கியதால் வந்தது. அதோடு ஜீலாந்து மாகாண அவையில் வாக்கும் கிடைத்தது. வியாண்டன் 15ஆம் நூற்றாண்டில் உறவுவழிச் சொத்தாக வந்தது. காட்சனெல்ன்போகன் நீண்ட வழக்கு. ஹெசன் குடும்பத்தோடு தலைமுறைகளாக இழுத்து 1557இல் முடிந்தபோது நிலத்தில் பெரும்பகுதி அவர்களுக்குப் போனது, பட்டம் இவர்களோடும் நின்றது.

பூரன் வேறு கதை. மௌன வில்லெமின் முதல் மனைவி ஆனா வான் எக்மொண்ட், பூரனின் கவுன்டஸ். 1551இல் இருவருக்கும் 18 வயதில் கல்யாணம். ஆனா 25 வயதில் இறந்தார். அவர் பெற்ற மகன்தான் ஸ்பெயினுக்குக் கடத்தப்பட்ட பிலிப் வில்லெம், மகள் மாரியா. இருவருக்கும் சந்ததி இல்லை. ஆனாவின் இரத்தம் 1618இல் முடிந்துவிட்டது. இன்றைய மன்னர் அவருடைய வழித்தோன்றல் அல்லர். ஆனாலும் பூரன் என்ற பெயர் குடும்பத்தில் தங்கிவிட்டது. அடையாளம் காட்டிக்கொள்ளாமல் வெளியே போக வேண்டிய நேரங்களில் அரச குடும்பத்தார் எடுத்துக்கொள்ளும் பெயர் அதுதான்.

1986 பிப்ரவரியில் ஃபிரீஸ்லாந்தின் வாய்க்கால்கள் உறைந்து, பதினொரு நகரங்களைச் சுற்றி வரும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பயணம் நடந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கிடையே 18 வயது இளைஞன் ஒருவனும் அதிகாலை இருட்டில் புறப்பட்டான். பெயர்ப் பதிவில் இருந்தது ‘டபிள்யூ. ஏ. வான் பூரன்’. பயணம் முடியும் இடத்தில் அவனைக் கட்டிக்கொள்ள அவன் அம்மா காத்திருந்தார். அப்போதுதான் சுற்றி நின்றவர்களுக்குத் தெரிந்தது: ஓடி முடித்திருப்பது ஆரஞ்சு இளவரசர், காத்திருப்பது அரசி பெயாட்ரிக்ஸ்.